பேதி போகிறது, ஆனாலும் அடைப்பு: மூதாட்டி ஒருவரின் போலிக் குடலடைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட முதியவருக்கு அடுத்த சில நாள்களில் வயிறு உப்பத் தொடங்கினால், அதை வீட்டாரும், பல வேளைகளில் மருத்துவரும், "கேஸ்" என்று சொல்லிக் கடந்துவிடுவதுண்டு. பெரும்பாலும் அது வெறும் வாயுவாகவே இருந்து இரண்டொரு நாளில் வடிந்தும்விடுகிறது. வடியாத சிலருக்குள்தான் பெருங்குடலின் போலி அடைப்பு ஒளிந்திருக்கிறது. கட்டியோ முறுக்கோ இல்லாமல், குடலைச் சுருக்கி விரிக்கும் நரம்புகளின் சமநிலை குலைவதால் மட்டும் பெருங்குடல் செயலற்று ஊதிக்கொண்டே போகும் நிலை இது. கோத்தகிரிப் பகுதியில் உள்ள எங்கள் சிறிய மருத்துவமனையில் பார்த்த ஒரு நோயாளியின் வழியாக, இதை அடையாளம் காண்பதில் நாங்கள் எங்கே தடுமாறினோம், சி.டி. கருவியோ குடல் நோய் நிபுணரோ இல்லாத இடத்தில் எதைக் கொண்டு முடிவெடுத்தோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நோயாளியும் வருகையும்

நோயாளி 78 வயதுப் பெண்மணி. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்தவர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். லயத்து வீட்டின் பின்படியில் மழை நாளில் வழுக்கி விழுந்து இடது தொடையெலும்பின் மேற்பகுதி முறிந்தது. சமவெளியில் உள்ள ஒரு மருத்துவமனையில் முதுகுத்தண்டு ஊசி போட்டு, எலும்புக்குள் உலோகத் தண்டு பொருத்தினார்கள். அறுவை நன்றாகவே நடந்திருந்தது. நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, காரின் பின்னிருக்கையில் படுத்தபடி மேட்டுப்பாளையம் சாலை வழியாக மலையேறி வந்தார். மறுநாள் காலை எங்களிடம் கொண்டுவந்தபோது அவர் வயிறு பறைபோல் உப்பியிருந்தது.

அறுவைக்குப் பின் இரண்டாம் நாளே உப்பல் தொடங்கியதாக மருமகள் சொன்னார். வலி அதிகம் இல்லை. ஒருமுறை மட்டும் குமட்டல். நேற்றிலிருந்து நான்கைந்து முறை தண்ணீராகப் பேதி போயிருந்தது. அடைப்பாக இருக்கலாம் என்று நான் சொன்னபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி: "வெளிக்குத்தான் போகுதே டாக்டர், அப்புறம் எப்படி அடைப்புன்னு சொல்றீங்க?"

கேட்டவர் மருமகள்தான், ஆனால் அதே எண்ணம் எனக்குள்ளும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. போலி அடைப்பு உள்ளவர்களில் கணிசமானோருக்கு வாயுவோ நீர்த்த மலமோ வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். விரிந்து கிடக்கும் பெருங்குடலின் உட்சுவர் நீரையும் பொட்டாசியத்தையும் கசியவிடுவதால் பேதியும் போகும், பொட்டாசியமும் குறையும். குறைந்த பொட்டாசியம் குடல் தசையை மேலும் தளர்த்தும். ஆகவே இங்கே பேதி என்பது வழி திறந்திருப்பதற்கான சான்று ஆகாது. நோயின் சுழற்சியில் அதுவும் ஒரு கண்ணியாக இருக்கலாம்.

கொண்டுவந்திருந்த மாத்திரைப் பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தோம். வலிக்கு டிரமடால் மூன்று வேளை; கால் எரிச்சலுக்கு வேறொரு மருத்துவர் பல மாதங்களுக்கு முன் எழுதிய அமிட்ரிப்டிலின்; இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் ஹைட்ரோகுளோரோதயசைடும்; இரும்புச்சத்து, கால்சியம். தனித்தனியே பார்த்தால் இவற்றில் எதுவும் தவறான மருந்து அல்ல. ஆனால் முதலிரண்டும் குடலை நேரடியாக மந்தமாக்குபவை, மூன்றாவது ஓரளவு மந்தமாக்கக் கூடியது, நான்காவது பொட்டாசியத்தைக் குறைப்பது; படுத்த படுக்கையாக இருக்கும் 78 வயதுக்காரரின் உடலில் இவை ஒன்றுகூடினால் என்ன ஆகும் என்பதை எந்த ஒரு சீட்டும் தனியாகச் சொல்லாது.

பரிசோதனை

காய்ச்சல் இல்லை. நாடித்துடிப்பு 96, இரத்த அழுத்தம் 138/80, மூச்சு நிமிடத்துக்கு 24, ஆக்சிஜன் செறிவு 92 சதவீதம். எங்கள் உயரத்தில் முதியவருக்கு இந்தச் செறிவு பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், மூச்சு வேகத்தோடு சேர்த்துப் பார்த்தபோது உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது என்று கொண்டோம். நாள் எது, இடம் எது என்பதில் இலேசான குழப்பம் இருந்தது. வயிற்றைத் தட்டினால் வெற்றுக்குடம் போன்ற ஒலி. அழுத்தினால் பொதுவான அசௌகரியம் மட்டுமே. விறைப்போ, கையை எடுக்கும்போது வெட்டும் வலியோ இல்லை. குடல் ஒலிகள் நன்றாகக் கேட்டன. குடல் ஒலி கேட்பதால் இயக்கமின்மை இல்லை என்று முடிவுகட்டுவதும் பேதியை நம்பி ஏமாறுவது போன்றதே. போலி அடைப்பில் ஒலி பெரும்பாலும் இருக்கும்.

இரு கவட்டையும் துணி விலக்கிப் பார்த்தோம். மெலிந்த மூதாட்டிகளின் தொடைக்குழியில் சுண்டைக்காய் அளவுக் குடலிறக்கம் சிக்கிக்கொண்டு, வயிற்றை மட்டுமே பார்க்கும் மருத்துவரின் கண்ணுக்குத் தப்பிவிடும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. ஆசனவாய்வழிப் பரிசோதனையில் மலக்குடல் விரிந்து காலியாக இருந்தது. இறுகிய மலக்கட்டி இல்லை. மலக்கட்டி அடைத்து அதன் ஓரமாக நீர்மலம் ஒழுகுவது முதியோரிடம் மிகச் சாதாரணம் என்பதால், ஒரு விரலால் முடியும் இந்தச் சோதனையை விட்டுவிட்டு ஸ்கேனுக்கு அனுப்புவது முறையன்று.

இரத்தத்தில் சோடியம் 129, பொட்டாசியம் 2.8 மில்லிமோல், மக்னீசியம் 1.4 மில்லிகிராம் (மூன்றுமே குறைவு), கிரியேட்டினின் 1.1, வெள்ளணுக்கள் 10,400, ஹீமோகுளோபின் 9.6.

எக்ஸ்ரேயும் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலும்

இந்த நோயில் ஒரே ஒரு எண்ணை நினைவில் வைக்க முடியுமென்றால் அது சீக்கத்தின் விட்டமாகத்தான் இருக்க வேண்டும். பெருங்குடலின் தொடக்கப் பையான சீக்கம் இயல்பிலேயே மற்றப் பகுதிகளைவிட அகலமானது. அழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும் அகலமான குழாயின் சுவரில்தான் இழுவிசை அதிகம் விழும் என்பது லாப்லாஸ் விதி. ஆகவே எங்கே ஊதினாலும் கிழிவது பெரும்பாலும் சீக்கமே. 9 சென்டிமீட்டரைத் தாண்டினால் விரிவு, 12 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ விரிவு ஆறு நாளுக்குமேல் நீடித்தாலோ கிழியும் அபாயம் தெளிவாக உயர்கிறது. கிழிந்தோ அழுகியோ போனால் இறப்பு விகிதம் 40 சதவீதத்தை எட்டுகிறது.

படுத்த நிலையிலும் இடப்பக்கம் சாய்த்தும் இரண்டு படங்கள் எடுத்தோம். வலப்பக்கமும் குறுக்கிலும் பெருங்குடல் பெரிதாக விரிந்து, இடப்பக்கம் மண்ணீரலருகே அது கீழ்நோக்கித் திரும்பும் மண்ணீரல் வளைவை ஒட்டிக் குறுகிற்று. பெருங்குடலுக்கே உரிய மடிப்புப் பைகள் மறையவில்லை. மலக்குடலுக்கு முந்திய வளைவான சிக்மாய்டு முறுக்கிக்கொள்ளும்போது தெரியும் காப்பிக்கொட்டை வடிவம் இல்லை. உதரவிதானத்தின் கீழும் கல்லீரலின் ஓரத்திலும் வெளிக்காற்று இல்லை. ஃபிலிமை லைட் பாக்ஸில் மாட்டி, நர்ஸ் மேசையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்கேலால் சீக்கத்தை அளந்தேன்: 8.1 சென்டிமீட்டர். மனம் இலேசாகி, வார்டுக்கு மாற்றச் சொல்லிக் குறிப்பெழுதத் தொடங்கிவிட்டேன்.

அப்போது எக்ஸ்ரே டெக்னீஷியன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், இது சின்ன ஃபிலிம். சைஸ் குறைச்சுப் பிரிண்ட் போட்டிருக்கு." 14-க்கு 17 அங்குலத் தட்டில் எடுத்த படத்தை 10-க்கு 12 அங்குல ஃபிலிமில் அச்சிட்டால் எல்லாம் ஏறக்குறைய பத்தில் ஏழாகச் சுருங்கிவிடும். கணினித் திரையில், அளவுகோல் சரிபார்த்து மீண்டும் அளந்தபோது சீக்கம் 11.4 சென்டிமீட்டர். பழைய காலத்தில் ஃபிலிமும் தட்டும் ஒரே அளவு என்பதால் ஸ்கேலை வைத்து அளக்கும் பழக்கம் எங்கள் தலைமுறைக்குக் கையோடு ஒட்டிவிட்டது. டிஜிட்டல் எக்ஸ்ரே வந்தபின் அந்தப் பழக்கம் ஆபத்தானது. 8-க்கும் 11-க்கும் இடையே இருப்பது மூன்று சென்டிமீட்டர் மட்டுமன்று; வார்டுக்கும் தீவிர கண்காணிப்புக்கும் இடையிலுள்ள தொலைவு அது.

மலையும் வாயுவும்

குடும்பத்தார் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னார்கள்: வண்டி மலையேறும்போதே வயிறு பெருத்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று. இதை நான் மிகையென்று ஒதுக்கவில்லை. கோவைச் சமவெளி ஏறத்தாழ 400 மீட்டர், கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவதால், அடைபட்ட வாயு இந்த ஏற்றத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். விட்டத்தில் அது ஐந்து முதல் ஒன்பது சதவீதம்; கீழே 10.5 சென்டிமீட்டராக இருந்த சீக்கம் இங்கே 11-ஐத் தாண்டியிருக்கக்கூடும். நோய்க்கு மலை காரணமன்று, ஏற்கெனவே விரிந்திருந்ததை ஒரு படி கூட்டியிருக்கும், அவ்வளவே. இதன் மறுபக்கமும் கவனத்துக்குரியது: இப்படிப்பட்டவரைக் கீழே அனுப்பியபின் அங்கே எடுத்த படத்தில் விட்டம் சற்றுக் குறைந்திருந்தால், அதை உடனே குணம் என்று எண்ணிவிடக் கூடாது.

இதே கணக்குத்தான் சி.டி. ஸ்கேன் பற்றிய முடிவிலும் குறுக்கிட்டது. அன்று எங்களுக்குக் கிடைத்த ஸ்கேன் ஊட்டியில்; அது இன்னும் 400 மீட்டருக்குமேல் உயரம். மூக்குவழியாக இரைப்பைக்கு ரைல்ஸ் டியூபும் ஆசனவாய்வழியாக வாயு வெளியேற ஃப்ளேட்டஸ் டியூபும் போட்டு, இரண்டையும் திறந்துவிட்ட பிறகே ஆம்புலன்சில் ஏற்றினோம். இரத்தநாளத்தில் சாயம் ஏற்றி எடுத்த சி.டி.யில் மண்ணீரல் வளைவுவரை விரிவு, அங்கே கட்டி இல்லை, முறுக்கு இல்லை, குடல் சுவர் தடிக்கவில்லை, சுவருக்குள் காற்று இல்லை, இரத்த ஓட்டம் சீராக இருந்தது. எக்ஸ்ரேயில் மண்ணீரல் வளைவில் தெரிந்த குறுகலைப் பார்த்து அங்கே புற்றுக்கட்டி என்று நான் அஞ்சியிருந்தேன். போலி அடைப்பில் அந்த இடத்தில் அப்படிக் குறுகுவது வழக்கமே. பெருங்குடலின் இடப்பகுதிக்குப் போய் அதைச் சுருங்கவைக்கும் பாராசிம்பதெடிக் நரம்புகள் முதுகுத்தண்டின் கீழ்முனையிலிருந்து வருபவை என்பதும், நரம்பாட்சி மாறும் எல்லை ஏறக்குறைய அந்த வளைவே என்பதும் இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

அறுவையின்போது ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டிருந்ததால், பேதியோடு கூடிய இந்த விரிவு குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியால் குடல் கடுமையாக அழன்று விரியும் நச்சுப் பெருங்குடலாக இருக்குமோ என்ற ஐயமும் இருந்தது. மலத்தைக் கோவைக்கு அனுப்பிச் சோதித்ததில் நச்சு இல்லை. காய்ச்சலின்மையும் தடிக்காத குடல் சுவரும் அதற்கு ஒத்துவந்தன.

இந்நோயை 1948-இல் முதலில் விவரித்தவர் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் சர் ஹெனேஜ் ஓகில்வி. அவர் பார்த்த இரு நோயாளிகளுக்கும் வயிற்றின் பின்சுவர் நரம்புகளைச் சுற்றிப் புற்று பரவியிருந்தது. குடலுக்குள் தடை ஏதும் இல்லை. இன்று நாம் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் புற்றுநோயாளிகள் அல்லர். எலும்பு முறிவு, பெரிய அறுவை, நிமோனியா, இதய நோய், பார்க்கின்சன் நோய், தாதுஉப்புக் குறைவு ஆகியவற்றோடு படுக்கையில் கிடக்கும் முதியவர்களே அதிகம்.

முதல் 48 மணி நேரம்

துளையோ அழுகலோ இல்லாத, சீக்கம் 12 சென்டிமீட்டருக்கு உட்பட்ட நோயாளிக்கு முதல் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. பொறுத்துப் பார்ப்பது என்றால் சும்மா இருப்பது என்று பொருளன்று. டிரமடால், அமிட்ரிப்டிலின், அம்லோடிபின், தயசைடு நான்கையும் நிறுத்தி, வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்தோம். வாய்வழி உணவை நிறுத்தி, நார்மல் சலைனில் பொட்டாசியம் கலந்து மணிக்கு 10 மில்லிமோல் வேகத்தில் ஏற்றினோம். மக்னீசியத்தை ஈடுசெய்யாமல் பொட்டாசியத்தை மட்டும் ஏற்றினால் சிறுநீரகம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால் மக்னீசியம் சல்ஃபேட்டும் சேர்ந்தே போயிற்று. முழங்காலையும் மார்பையும் ஊன்றிக் குப்புறக் கிடத்துவது வாயுவை வெளியேற்ற நல்ல வழி. ஆனால் புதிதாகத் தண்டு பொருத்திய தொடையோடு அது நடவாது. மாறாக இரண்டு மணிக்கொருமுறை இடம் வலமாகத் திருப்பினோம், பிசியோதெரபிஸ்ட் உதவியோடு காலையும் மாலையும் நாற்காலியில் உட்காரவைத்தோம்.

தொப்புளின் இருபுறமும் பேனாவால் குறியிட்டு, அந்தக் குறிகளின்மேலேயே டேப் வைத்து ஆறு மணிக்கொருமுறை வயிற்றுச் சுற்றளவு எடுக்கப்பட்டது. தொடக்கத்தில் 92 சென்டிமீட்டர். குறியிடாமல் ஆளுக்கோர் இடத்தில் அளக்கும் சுற்றளவு எதற்கும் பயன்படாது.

இரண்டாம் நாள், ஊரிலிருந்து பார்க்க வந்த உறவினர் ஒருவர் விளக்கெண்ணெய் கொடுத்தால் எல்லாம் வெளியேறிவிடும் என்றார். பணியில் இருந்த இளம் மருத்துவர் மலமிளக்கியான லாக்டுலோஸ் எழுதலாமா என்று கேட்டார். இரண்டையும் தடுத்தேன். லாக்டுலோசைக் குடற்கிருமிகள் புளிக்கவைத்து மேலும் வாயுவை உண்டாக்கும். ஊதிய பலூனுக்குள் மேலும் ஊதுவதற்கு அது ஒப்பாகும்.

அதே நாளில் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தோம்: சீக்கம் 12-ஐத் தாண்டினால், காய்ச்சல் வந்தால், வலது அடிவயிற்றில் தொட்டால் வலி கூடினால், வெள்ளணு ஏறினால், எந்த நேரமானாலும் கோவைக்கு அனுப்புவது. ஐப்பசி மழையில் மண்சரிவும் மூடுபனியும் சாலையை எப்போது மறிக்கும் என்று சொல்ல முடியாத ஊரில், அந்த முடிவை நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் எடுக்கும்படி யாரையும் விட்டுவைக்கக் கூடாது என்பது என் கருத்து.

24 மணி நேரத்தில் பொட்டாசியம் 3.4, அடுத்த நாள் 4.1. குழப்பம் தெளிந்தது. ஆனால் சீக்கம் 11.2 ஆகி, பின்பு 11.7 ஆயிற்று. உப்பல் தொடங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. இனியும் காத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நியோஸ்டிக்மின்

1999-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பொறுத்துப் பார்த்தும் தீராத 21 பேரில் நியோஸ்டிக்மின் பெற்ற 11 பேரில் 10 பேருக்கு உடனடிப் பலன் கிடைத்தது. வெற்று ஊசி பெற்ற 10 பேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. ஆய்வு சிறியது என்றாலும் வேறுபாடு பெரிது. குடல் நரம்பு முனைகளில் அசிட்டைல்கோலின் சிதையாமல் தடுத்துக் குடலைச் சுருங்கவைப்பது இம்மருந்தின் வேலை. அதே காரணத்தால் இதயத்துடிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழலைச் சுருக்கும். உண்மையான தடை இருக்கும் குடலில் கொடுத்தால் கிழித்துவிடும். ஆகவே தடை இல்லை என்று சி.டி.யில் உறுதி செய்யாமல் கொடுக்கவே கூடாது. ஆஸ்துமா இளைப்பு, இதய மின்கடத்தலில் தடை, அண்மை மாரடைப்பு, மோசமான சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை இருந்தாலும் விலக்க வேண்டும். இவருக்கு இவை எதுவும் இல்லை. பீட்டா தடுப்பு மாத்திரையும் எடுக்கவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் வழக்கம்போல் நியோஸ்டிக்மினையும் கிளைகோபைரோலேட்டையும் ஒரே சிரிஞ்சில் இழுக்கப் போனார். மயக்கம் தெளிவிக்கும்போது அது சரி; நியோஸ்டிக்மினின் பக்க விளைவுகளைக் கிளைகோபைரோலேட் தடுக்கும். இங்கே நமக்குத் தேவைப்படுவதே குடலின்மீதான அந்த விளைவு என்பதால் தடுத்து, நாடி இறங்கினால் கொடுப்பதற்காக அட்ரோபின் 0.6 மில்லிகிராமைத் தனிச் சிரிஞ்சில் இழுத்துத் தலைமாட்டில் வைக்கச் சொன்னேன். பெட்பானில் மல்லாந்து படுக்கவைத்து, மானிட்டர் பொருத்தி, 2 மில்லிகிராம் நியோஸ்டிக்மினை ஐந்து நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்தினோம்.

ஏழாம் நிமிடத்தில் வாயில் எச்சில் ஊறி, வயிறு பிசைகிறது என்றார். ஒன்பதாம் நிமிடத்தில் நாடி 44-க்கு இறங்கி, இரத்த அழுத்தம் 96-ஆனது. அட்ரோபினைக் கொடுத்தோம், இரண்டு நிமிடத்தில் 70-ஐத் தொட்டது. பதின்மூன்றாம் நிமிடத்தில் பெருத்த ஓசையோடு வாயு வெளியேறத் தொடங்கி ஏறக்குறைய கால் மணி நேரம் நிற்காமல் போயிற்று. பாட்டி வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வெளியே காத்திருந்த மகனுக்குத் தகவல் சொல்ல யாரும் போக வேண்டியிருக்கவில்லை. சுற்றளவு 83-ஆகவும், நான்கு மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் சீக்கம் 8.3-ஆகவும் குறைந்தன. இம்முறை அளந்தது திரையில்.

மறுபடி உப்பியதும் அதன் பிறகும்

முப்பது மணி நேரம் கழித்து மீண்டும் சுற்றளவு 88, சீக்கம் 9.9. நியோஸ்டிக்மினுக்குப் பின் சிலருக்கு இப்படித் திரும்புவது தெரிந்ததே. இரண்டாவது முறையும் அதே அளவு, அதே முன்னேற்பாட்டோடு கொடுத்தோம். இம்முறை நாடி 54-க்குக் கீழ் இறங்கவில்லை, பலன் மெதுவாக ஆனால் போதுமான அளவு கிடைத்தது. அன்றிரவே ரைல்ஸ் டியூப் வழியாகப் பாலிஎத்திலீன் கிளைகால் தூளைத் தண்ணீரில் கரைத்து நாளொன்றுக்கு இருவேளை தொடங்கினோம். இது லாக்டுலோஸ்போல் புளிப்பதில்லை; விரிவு தணிந்த பின் கொடுத்தால் திரும்ப உப்புவதைக் குறைக்கிறது என்பதற்குச் சிறிய அளவிலேனும் ஆய்வுச் சான்று உண்டு.

இரண்டாம் ஊசியும் பலிக்காமல் போயிருந்தால் அடுத்தது கோவையில் கொலனோஸ்கோப் (பெருங்குடல் உள்நோக்கி) மூலம் காற்றை உறிஞ்சி, வலப்பக்கப் பெருங்குடலில் ஒரு குழாயை விட்டுவருவது. அறுவை என்பது குடல் கிழிந்தாலோ அழுகினாலோ மற்றெல்லாம் தோற்றாலோ மட்டுமே. இவர்களின் உடல்நிலையில் அறுவையே ஒரு பெருங்கண்டம்.

ஏழாம் நாள் கஞ்சி, எட்டாம் நாள் குழைந்த சாதம். தைராய்டு அளவும் சோதிக்கப்பட்டு இயல்பாக இருந்தது. பத்தாம் நாள் சீக்கம் 6.8 சென்டிமீட்டர், பொட்டாசியம் 4.0 என்ற நிலையில் வீடு திரும்பினார். அமிட்ரிப்டிலினும் தயசைடும் திரும்பத் தொடங்கப்படவில்லை. இரத்த அழுத்தத்துக்கு லோசார்ட்டான் மட்டும். அதோடு பொட்டாசியத்தை ஒரு வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தோம். வலி கூடினாலும் டிரமடால், கோடீன் கலந்த மாத்திரைகள் கூடாது என்பதை வீட்டாரிடம் சொன்னதோடு நிறுத்தாமல் டிஸ்சார்ஜ் சீட்டிலும் தமிழிலேயே எழுதிக்கொடுத்தோம்.

ஆறாவது வாரம் வாக்கர் ஊன்றி நடந்து வந்தார். கால் எரிச்சல் திரும்பிவிட்டது, வேறு மருந்து வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே குறை. வைட்டமின் பி12 அளவு பார்த்ததில் மிகக் குறைவு. அதற்கு ஊசி தொடங்கியிருக்கிறோம். எக்ஸ்ரே அறையில் இப்போது ஒவ்வொரு வயிற்றுப் படத்தின் ஓரத்திலும் சென்டிமீட்டர் அளவுகோல் சேர்த்தே அச்சாகிறது. அந்த அமைப்பை மாற்றிவைத்தவர் அதே டெக்னீஷியன்.